யாருடைய முத்திரை? விமானி உரிமம், அன்றும் இன்றும்

பாளையங்கோட்டைப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. "அமெரிக்காவுல பிளேன் ஓட்டுததுக்கு லைசென்ஸ் வாங்கிட்டு வந்துட்டாம்லா, இங்க அது செல்லாதுன்னு சொல்லுதாவளே, அது எப்படி?" கேட்பவர் பெரும்பாலும் பையனின் பெரியப்பாவாகவோ தாய்மாமாவாகவோ இருப்பார். நியாயமான கேள்விதான். கார் ஓட்டுகிறவருக்குச் சர்வதேச அனுமதிச் சீட்டு கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு பல நாடுகளில் வண்டி ஓட்டலாம். நாட்டுக்கு நாடு சாலை மாறுகிறது, போகிற பக்கம்கூட மாறுகிறது. காற்று எங்கேயும் ஒரே இயற்பியலுக்குத்தான் கட்டுப்படுகிறது. அங்கே விமானத்தை மேலே ஏற்றி இறக்கிய கைக்கு இங்கே மட்டும் என்ன ஆகிவிடும்?

பெரியப்பாவுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. நூறு ஆண்டுக் கதை அது. அதன் தொடக்கத்தில் உரிமம் என்ற ஒன்றே கிடையாது.

1910 மார்ச்சில் சென்னையில் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்ற கோர்சிகாத் தீவைச் சேர்ந்த ஓட்டல்காரர், சிம்ப்சன் நிறுவனத்தில் கட்டுவித்த விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். அப்புறம் தீவுத்திடலில் கட்டணம் வைத்துக் காட்டினார். அவரிடம் யாரும் உரிமம் கேட்கவில்லை, கேட்பதற்கு ஓர் அலுவலகமும் இல்லை. அதே காலத்தில் ஐரோப்பாவில் நிலைமை மாறத் தொடங்கியிருந்தது. 1909 ஜூலை 25 அன்று லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி இங்கிலாந்து மண்ணில் இறங்கியபோதே, ஒரு நாட்டு விமானி இன்னொரு நாட்டில் இறங்கினால் அவர் யார், அவருக்குப் பறக்கத் தெரியும் என்று யார் சொன்னார்கள் என்ற கேள்வி எழுந்துவிட்டது.

அதற்கு அன்று பதில் சொன்னவை மன்றங்கள். அரசாங்கங்கள் அந்தப் பக்கம் இன்னும் வரவில்லை. 1905இல் உருவான சர்வதேச விமானக் கூட்டமைப்பின் கீழ் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மன்றம் இருந்தது. பிரான்சின் ஏரோ கிளப், இங்கிலாந்தின் ராயல் ஏரோ கிளப் எல்லாம் ஒரே விதியின்படி தேர்வு வைத்தன. இரண்டு கம்பங்களைச் சுற்றி எட்டு வடிவில் பறக்க வேண்டும். மோட்டாரை நிறுத்தி, குறித்த இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் விமானத்தை நிறுத்த வேண்டும். முடிந்தது. கையில் ஒரு சிறு புத்தகம் போன்ற சான்றிதழ் தருவார்கள். ராயல் ஏரோ கிளப்பின் சான்றிதழில், இதை வைத்திருப்பவருக்குச் சிவில், கடற்படை, தரைப்படை அதிகாரிகளும் காவல்துறையினரும் உதவுமாறு பல மொழிகளில் வேண்டுகோள் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு நாட்டு மன்றம் கொடுத்ததை மற்ற நாட்டு மன்றங்கள் ஏற்றுக்கொண்டன. பறந்தவர்கள் சில நூறு பேர். அவர்களில் பலருக்கு ஒருவரையொருவர் தெரியும். அந்தப் பழக்கத்தின் மேல் நின்றது அந்த ஏற்பு.

இந்தியாவுக்கு அந்த முறை வந்தது கொஞ்சம் தாமதமாக. 1927இல் இந்திய, பர்மா ஏரோ கிளப் தொடங்கியது. 1929 பிப்ரவரி 10 அன்று அது வழங்கிய முதல் எண் சான்றிதழ் ஜே.ஆர்.டி. டாட்டாவுக்குப் போனது. அதன் பிறகு ஆகா கான் ஒரு பரிசு அறிவித்தார்: இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு. ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து மேற்கே கிளம்பினார். பதினேழு வயது ஆஸ்பி எஞ்சினியர் இங்கிலாந்திலிருந்து கிழக்கே கிளம்பினார். எகிப்தின் அபூகீரில் ஆஸ்பி ஸ்பார்க் பிளக் இல்லாமல் மாட்டிக்கொண்டு நின்றபோது, போட்டியாளரான ஜே.ஆர்.டி. தன்னிடமிருந்ததைக் கொடுத்துவிட்டுப் போனார். பரிசை ஆஸ்பி வென்றார்; பின்னாளில் இந்திய விமானப்படைக்குத் தலைமையும் ஏற்றார். ஸ்பார்க் பிளக் கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட வியப்பு வேறு. இரண்டு இளைஞர்கள் சின்னஞ்சிறு விமானங்களில் நாடு நாடாக இறங்கி, பெட்ரோல் போட்டு, மறுபடி ஏறிப் போயிருக்கிறார்கள். ஒரு விமான மன்றம் தந்த சான்றிதழும் அப்போதைய அரசின் உரிமமும் அவர்களை அத்தனை எல்லைகளைக் கடக்க விட்டன.

அந்த நாட்களில் தனியார் விமானிக்குரியதை ‘ஏ லைசென்ஸ்’ என்றும், கூலிக்குப் பறப்பவருக்குரியதை ‘பி லைசென்ஸ்’ என்றும் சொன்னார்கள். மதராஸ் ஃபிளையிங் கிளப் 1930இல் வந்தது. திருநெல்வேலிச் சீமையில் எந்த ஜமீனிலோ மில் முதலாளி வீட்டிலோ ஒருவருக்குப் பறக்கும் ஆசை வந்திருந்தால், தமிழ்நாட்டுக்குள் அவருக்கு அந்தக் கிளப் இருந்த மீனம்பாக்கம்தான் வாசல். தாமிரபரணிக் கரையில் பறக்கக் கற்றுத் தரும் இடம் அன்றும் இல்லை. சொல்ல வருத்தமாக இருக்கிறது, நெடுங்காலத்துக்கு அப்புறமும் இல்லை.

ஓடுதளம் மட்டும் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட அதே கயத்தாற்றில் பிரிட்டிஷ் அரசு விமானத்தளம் அமைத்தது. உளுந்தூர்பேட்டை, சோழவரம் என்று தமிழ்நாட்டில் அப்போது போட்ட தளங்கள் பல. சோழவரத்தில் பின்னால் கார்ப் பந்தயம் ஓடியது. கயத்தாற்றுத் தளம் அநாதையாகக் கிடந்தது. அங்கே வந்து போனவர்கள் படை விமானிகள். அவர்கள் மார்பில் குத்தியிருந்த சிறகுச் சின்னம் சிவில் உரிமம் ஆகாது. போர் முடிந்து வீடு திரும்பிய விமானி, பயணிகளையோ நண்பரையோ ஏற்றிப் பறக்க வேண்டுமென்றால் சிவில் அதிகாரியிடம் போய் வேறு உரிமம் வாங்கித்தான் ஆக வேண்டும். நெல்லைச் சீமையின் அந்த விமானத்தளத்தில் ஒருகாலத்தில் எத்தனையோ பேர் பறந்திருக்க, அந்த மண்ணின் பிள்ளைகளுக்கு அதனால் ஓர் உரிமம்கூட வராமல் போனது என்பது எனக்கு உறுத்துகிற விஷயம்.

சட்டப் பக்கத்துக்கு வருவோம். பெரியப்பாவின் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்ததும் 1919இல் பாரிஸில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கை கையெழுத்தானது. மன்றங்களின் இடத்தில் அரசுகள் வந்து உட்கார்ந்தது அப்போதுதான். விமானிக்கு உரிமம் தருவது இனி அரசின் வேலை, ஓர் அரசு தந்ததை மற்ற அரசுகள் ஏற்கும் என்று அந்த உடன்படிக்கை சொன்னது. கூடவே ஒரு கதவையும் சாத்தி வைத்தது: தன் குடிமகன் வேறொரு நாட்டில் வாங்கிய உரிமத்தைத் தன் வானத்தில் ஏற்க மறுக்க ஒவ்வோர் அரசுக்கும் உரிமை உண்டு.

1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கை பாரிஸின் இடத்தைப் பிடித்தது. இன்றுவரை உலகத்தின் சிவில் விமானப் போக்குவரத்து அதன் மேல்தான் நடக்கிறது. இன்று 193 நாடுகள் அதில் இருக்கின்றன. அதன் 32ஆம், 33ஆம் பிரிவுகளை ஒவ்வொரு பயிற்சி விமானியும் தன் தாய்மொழியில் ஒருமுறை வாசிக்க வேண்டும் என்பேன். 32இன் முதல் பகுதி சொல்வது இது: நாடு விட்டு நாடு போகும் விமானத்தின் விமானி, அந்த விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாடு வழங்கிய, அல்லது அந்த நாடு செல்லும் என்று ஒப்புக்கொண்ட, உரிமம் வைத்திருக்க வேண்டும். 33ஆம் பிரிவு: அப்படிப் பதிவு நாடு தந்த உரிமத்தை மற்ற நாடுகள் ஏற்க வேண்டும், அது சர்வதேசக் குறைந்தபட்சத் தரத்துக்குக் குறையாததாக இருந்தால். 32இன் இரண்டாம் பகுதியில் அந்தப் பழைய பாரிஸ் கதவு அப்படியே இருக்கிறது. தன் குடிமக்களுக்கு வேறு நாடு கொடுத்த உரிமத்தைத் தன் எல்லைக்கு மேல் பறக்க ஏற்க மாட்டேன் என்று எந்த நாடும் சொல்லலாம்.

இதில் கவனிக்க வேண்டியது: உரிமம் விமானியின் கையைவிட விமானத்தின் உடம்பில் எழுதியிருக்கும் எழுத்தோடுதான் அதிகமாகக் கட்டப்பட்டிருக்கிறது. இந்தியப் பதிவு விடி என்று தொடங்கும். அமெரிக்காவுக்கு என், பிரிட்டனுக்கு ஜி, இலங்கைக்கு 4ஆர். அமெரிக்க உரிமம் வைத்திருப்பவர் என் எழுத்துள்ள விமானத்தை ஓட்டி உலகம் சுற்றலாம். பாளையங்கோட்டைக்கு விடுமுறையில் வந்து ஒரு விடி செஸ்னாவின் சாவியைக் கேட்டால், அது வேறு கதை. பலரும் ‘லைசென்ஸ் செல்லாது’ என்று சொல்வது இதைத்தான். அந்த உரிமம் செத்துவிடவில்லை. அது எந்த எழுத்துக்கு உரியதோ அந்த எழுத்துக்கு இன்றும் செல்லும்.

தரத்தை ஒன்றாக்கும் வேலையும் நடந்தது. சிகாகோ உடன்படிக்கையின் முதல் இணைப்பு, விமானிகளுக்கான உரிமம் பற்றியது. 1948 ஏப்ரலில் ஏற்கப்பட்டது. தனியார் விமானிக்குக் குறைந்தது 17 வயது, 40 மணி நேரப் பறத்தல், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையமானால் 35 மணி. அதில் தனியாக 10 மணி. தனியாக ஊர் விட்டு ஊர் போகும் பயணம் ஒன்று 270 கிலோமீட்டருக்குக் குறையாமல், நடுவில் இரண்டு வேறு நிலையங்களில் முழுசாக இறங்கி. தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்திலிருந்து மதுரை, அங்கிருந்து திருவனந்தபுரம், திரும்ப வாகைக்குளம் என்று ஒரு முக்கோணம் போட்டால் கணக்கு தாராளமாகத் தேறும். டெக்சஸில் கற்றாலும் தஞ்சாவூரில் கற்றாலும் இந்த எண்கள் ஏறக்குறைய ஒன்றே. அப்படியிருக்க ஏன் மறுபடி தேர்வு? எல்லோரும் ஒரே அளவுகோலுக்கு ஒப்புக்கொண்ட பிறகுதான் ஒவ்வொருவரும் தன் கையால் அளந்து பார்க்கத் தொடங்கினார்கள். அன்று அளவுகோல் லேசாக இருந்தது, நம்பிக்கை கனமாக இருந்தது. இன்று அது தலைகீழ்.

நாட்டுக்கு நாடு எப்படி மாறுகிறது என்று ஓர் ஆளை வைத்துப் பார்ப்போம். அம்பாசமுத்திரத்துப் பெண் ஒருத்தி. இந்தியாவில் பிபிஎல் என்ற தனியார் விமானி உரிமம் எடுத்துவிட்டு, அமெரிக்காவில் வேலைக்குப் போகிறாள். வார இறுதியில் பறக்க ஆசை. அமெரிக்க விதிகளில் 61.75 என்ற பிரிவு அவளுக்காகவே இருப்பது போலிருக்கும். அவள் தன் இந்திய உரிமத்தின் விவரத்தை அமெரிக்க விமான நிர்வாகத்துக்கு அனுப்புகிறாள். அவர்கள் டெல்லியில் உள்ள டிஜிசிஏவுக்கு, விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கு, எழுதி ‘இது நீங்கள் கொடுத்ததுதானா, இன்னும் உயிரோடு இருக்கிறதா’ என்று கேட்கிறார்கள். ஆம் என்று பதில் வந்தால், உள்ளூர் அலுவலகத்துக்கு நேரில் போய் அமெரிக்கத் தனியார் விமானி சான்றிதழை வாங்கிக்கொள்ளலாம். எழுத்துத் தேர்வு கிடையாது. பறக்கும் முன் ஒரு பயிற்றுநரோடு மதிப்பாய்வுப் பறத்தல் ஒன்று. அந்தச் சான்றிதழில், இது இன்ன இந்திய உரிமத்தின் அடிப்படையில் தரப்பட்டது, அதோடு சேர்ந்துதான் செல்லும் என்று எழுதியிருக்கும். இந்திய உரிமம் போனால் இதுவும் போகும். அமெரிக்கா தன் முத்திரையைக் கொடுக்கிறது; பொறுப்பின் ஒரு பாதியை டெல்லியிடமே விட்டு வைக்கிறது. இதை நல்ல ஏற்பாடாகவே பார்க்கிறேன்.

அவளே ஜெர்மனிக்கு மாறினால் நிலைமை கனக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, வெளிநாட்டுத் தனியார் உரிமத்தை ஐரோப்பிய உரிமமாக மாற்ற 100 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வான்சட்டத்திலும், மனித உடல், மனச் செயல்திறன் பற்றிய பாடத்திலும் எழுத்துத் தேர்வு. பிறகு பறந்து காட்டும் தேர்வு, ஐரோப்பிய மருத்துவச் சான்றிதழ், மொழித் தகுதி. புதிதாகத் தொடங்குவதைவிட இது எளிது. அமெரிக்கக் கதவைவிடக் குறுகல்.

பிரிட்டனின் கதை இதைவிடப் பாடம் சொல்லும். 2020 டிசம்பர் 31 இரவோடு அந்த நாடு ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையிலிருந்து வெளியேறியது. அதுவரை ஐரோப்பா முழுக்க எந்த நாட்டு விமானத்தையும் ஓட்ட முடிந்த பிரிட்டிஷ் விமானியின் உரிமம், மறுநாள் காலையில் வெளிநாட்டு உரிமமாகியிருந்தது. ஆள் மாறவில்லை, கை மாறவில்லை, பறந்த மணி ஒன்றுகூடக் குறையவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே தங்கள் உரிமத்தை அயர்லாந்துக்கோ ஆஸ்திரியாவுக்கோ மாற்றிக்கொண்டார்கள். உரிமம் என்பது திறமைக்குச் சான்று என்று நாம் நினைக்கிறோம். இரண்டு அரசுகளுக்கு இடையிலான பேச்சுவார்த்தையின் மேல்தான் அது நிற்கிறது என்பதை அந்த இரவு காட்டியது.

இப்போது திருப்பிப் போடுவோம். அந்த அம்பாசமுத்திரத்துப் பெண் அமெரிக்காவிலேயே முதல் உரிமம் வாங்கியவள், இந்தியா திரும்பி விடி விமானம் ஓட்ட வேண்டும். இந்திய விதிகளில் வெளிநாட்டு உரிமத்தைச் செல்லுபடியாக்க இடம் இருக்கிறது. 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 45ஆம் விதி அரசுக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. 2000க்குப் பிறகு விமான நிறுவனங்கள் பெருகி, இங்கே கேப்டன்கள் போதாமல் போனபோது, வெளிநாட்டு விமானிகளுக்குத் தற்காலிக அனுமதி தந்து வேலை வாங்கியதும் உண்டு. அது நிறுவனங்களின் தேவைக்காகப் பிறந்த ஏற்பாடு. வெளிநாட்டில் பயின்று திரும்பும் நம் பிள்ளைகள் போவது ‘கன்வெர்ஷன்’ என்ற வழியில். டிஜிசிஏ இணையதளத்தில் பதிந்து கணினி எண் வாங்க வேண்டும். உரிமம் கொடுத்த நாட்டிடமிருந்து உண்மைத்தன்மை உறுதியாகி வர வேண்டும். விமான ஒழுங்குமுறை, வழிகாணல், வானிலை பாடங்களில் டிஜிசிஏ தேர்வு. வானொலித் தொடர்புக்கு ஆர்டிஆர் தேர்வு. டிஜிசிஏ ஒப்புக்கொண்ட மருத்துவரிடம் மெடிக்கல். கடைசியில் இந்தியத் தேர்வாளரோடு பறந்து காட்ட வேண்டும். அமெரிக்காவில் ஓராண்டுக்குள் பயிற்சி முடித்தவர், இங்கே வந்து தேர்வு அட்டவணைக்கும் கடிதத்துக்கும் காத்திருப்பதில் அதே அளவு காலம் போவதைப் பார்க்கலாம். பயிற்சிக்குக் கடன் வாங்கிய வீடுகளில் அந்தக் காத்திருப்பு எப்படி இருக்கும் என்பதை வட்டிக் கணக்கு பார்க்கிறவர்கள் அறிவார்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் முழுக்க உடன்படவும் முடியவில்லை. 2011இல் இந்தியாவில் போலி மதிப்பெண் பட்டியல் காட்டி உரிமம் வாங்கிய சில விமானிகள் பிடிபட்டார்கள். டிஜிசிஏ ஆயிரக்கணக்கான கோப்புகளைத் திரும்பப் புரட்ட வேண்டியிருந்தது. 2020 மே மாதம் கராச்சியில் ஒரு பயணிகள் விமானம் விழுந்தது. அடுத்த மாதம் பாகிஸ்தானின் விமானத்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து, நாட்டின் 860 விமானிகளில் 262 பேரின் உரிமங்கள் சந்தேகத்துக்குரியவை என்றார். அதன் விளைவு அந்த 262 பேரோடு நிற்கவில்லை. பாகிஸ்தான் விமானிகளைப் பணியில் வைத்திருந்த நாடுகள் பலவும் அவர்களைத் தரையில் நிறுத்திக் கோப்பு கேட்டன. ஐரோப்பா அந்த நாட்டு அரசு விமான நிறுவனத்துக்குத் தன் வானத்தை மூடியது. 2024 நவம்பரில்தான் மறுபடி திறந்தது. பட்டியலில் இருந்தவர்களில் பலர் உண்மையான உரிமம் வைத்திருந்தவர்கள் என்று பின்னால் தெரிந்தது. அவர்கள் பறக்க முடியாமல் போன மாதங்களை யார் திருப்பிக் கொடுப்பது? ஓர் அரசு தன் முத்திரையைக் கவனமில்லாமல் குத்தினால், அந்த முத்திரை பெற்ற நேர்மையானவரும் சேர்ந்து தெருவில் நிற்கிறார். ஆகவே ஒரு நாடு மற்ற நாட்டுக்கு எழுதி ‘இது உண்மையா’ என்று கேட்பது அவமானமல்ல. நேர்மையாகப் பறந்தவரைக் காப்பதே அந்தக் கடிதம்தான்.

மறுதேர்வில் ஒரு பகுதிக்கும் நான் கட்சி. நம் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கே 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியர் மலை. அதன் மடியிலிருந்து இறங்கி வரும் தாமிரபரணி. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் பீறிட்டு வெளியே வருகிறது. முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகளை நட்டதும், தேசியக் காற்றாற்றல் நிறுவனம் தன் சோதனை நிலையத்தைக் கயத்தாற்றில் வைத்ததும் அந்தக் காற்றை நம்பித்தான். காற்றாலைக்கு வரம் தருகிற அதே காற்று, மலைக்குக் கிழக்கே தாழப் பறக்கும் ஒற்றை என்ஜின் விமானத்தைப் பிடித்து உலுக்கும். மலை முகட்டைத் தாண்டி வரும் காற்று கீழ்ப்பக்கமாகச் சுருண்டு சுழலும் இடத்தில், மேலே ஏற வேண்டிய விமானம் முழு விசையிலும் கீழே போகும். குற்றாலத்தில் சாரல் என்று நாம் கொண்டாடுவது விமானிக்கு முகட்டை மறைக்கும் மேகம். புளோரிடாவின் சமதளத்தில் 40 மணி பறந்தவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஒட்டிப் பறக்கக் கட்டுப்பாடு உண்டு; மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், விஜயநாராயணத்தில் கடற்படையின் தளம். இவற்றையெல்லாம் வரைபடத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டுதான் கிளம்ப வேண்டும். இந்த ஊர்க் காற்றையும் சட்டத்தையும் வான்வெளியையும் பற்றிக் கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் காற்று முக்கோணக் கணக்கை மறுபடி எழுதச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எதிர்க்காற்று எத்தனை, பக்கக்காற்று எத்தனை, எத்தனை பாகை திரும்ப வேண்டும் என்ற கணக்கு மிசிசிப்பி மேலும் தாமிரபரணி மேலும் ஒன்றுதான். ஒரே இணைப்பின்படி இரண்டு நாடும் கற்றுக்கொடுத்ததை ஒரு நாடு மறுபடி சோதிக்கிறது என்றால், அந்த இணைப்பில் போட்ட கையெழுத்துக்கு என்ன பொருள்? காசுக்குப் பறக்கப் போகும், சிபிஎல் என்ற வணிக விமானி உரிமம் கேட்பவருக்கு முழுத் தேர்வு வையுங்கள்; அவரை நம்பி முன்பின் தெரியாதவர்கள் ஏறி உட்காருவார்கள். தானும் தன் நண்பரும் மட்டும் பகல் வெளிச்சத்தில் பறக்கும் தனியார் விமானிக்கு, உண்மைத்தன்மைக் கடிதம், வான்சட்டத் தேர்வு, உள்ளூர்ப் பயிற்றுநரோடு ஒரு பறத்தல் போதும் என்பது என் உறுதியான எண்ணம். அமெரிக்கா நம் உரிமத்துக்கு அவ்வளவு இடம் தரும்போது நாமும் தரலாம்.

சின்னச் சின்னதாக மாற்றம் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1934ஆம் ஆண்டு விமானச் சட்டத்தின் இடத்தில் பாரதிய வாயுயான் அதிநியம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தொலைத்தொடர்புத் துறையிடம் இருந்த வானொலிச் சான்றிதழ் வேலை அதன் மூலம் டிஜிசிஏவிடம் வந்தது. இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே மாணவர்கள் அலைந்த காலத்துக்கு அது ஒரு முற்றுப்புள்ளி. அதே ஆண்டு பிப்ரவரியில் விமானிகளுக்கு மின்னணு உரிமம் அறிமுகமானது, சீனாவுக்கு அடுத்து உலகில் இரண்டாவதாக. கைப்பேசியில் இருக்கும் அந்த உரிமத்தை அந்த இடத்திலேயே சரிபார்க்கலாம். எல்லா நாடுகளும் அதற்கு மாறினால், டெல்லிக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே வாரக்கணக்கில் கிடக்கும் உண்மைத்தன்மைக் கடிதத்துக்கு வேலையே இராது. சமூக ஊடகங்களில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை, பேசியிருக்க வேண்டும்.

நெல்லைக்கு அருகிலும் நிலம் அசைகிறது. வாகைக்குளத்தில் 1992இல் திறந்த தூத்துக்குடி விமான நிலையம் நெடுங்காலம் 1,350 மீட்டர் ஓடுதளத்தோடு சின்ன விமானங்களுக்கு மட்டும் போதுமானதாக இருந்தது. இன்று ஓடுதளம் 3,115 மீட்டர். புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறந்தது. பயிற்சி நிலையம் இல்லாத குறைக்கும் ஒரு முயற்சி: கோவில்பட்டியில் தனியார் போட்டிருந்த ஓடுதளத்தில் விமானப் பயிற்சிப் பள்ளி அமைக்க தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ ஒப்பந்தப்புள்ளி கோரியது. அது எழுந்தால், கயத்தாறு கடந்து போகிற பேருந்தில் பயிற்சிக்குப் போய் வரும் தலைமுறை ஒன்று நம்மிடம் உருவாகும். முதல் உரிமமே இந்திய உரிமமாக, இந்தக் காற்றில் கற்றதாக இருக்கும். கன்வெர்ஷன் வரிசையில் நிற்க வேண்டியவர்கள் அப்போது குறைவார்கள். பணம் இருக்கிற வீட்டுப் பிள்ளை மட்டும் பிலிப்பைன்ஸுக்கும் அமெரிக்காவுக்கும் போய்க் கற்கிற நிலையும் மாறும். டிட்கோ இதைக் கிடப்பில் போட்டுவிடாமல் இருக்க நம் சட்டமன்ற உறுப்பினர்கள் குரல் கொடுக்க வேண்டும் என்று நேரடியாகவே கேட்கிறேன்.

அப்படிக் கற்ற ஒருவர் கொழும்புக்குப் பறக்க விரும்பினால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிடலாம்; கொழும்பின் ரத்மலானை விமான நிலையம் வாகைக்குளத்திலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர்தான், செஸ்னா 172இல் ஒன்றரை மணிநேரப் பறத்தல். வாகைக்குளத்தில் சுங்கச் சோதனை கிடையாது என்பதால் முதலில் மதுரைக்கோ திருச்சிக்கோ போய் இறங்கி, சுங்கமும் குடியேற்றமும் முடித்து, பயணத் திட்டம் கொடுத்து, இலங்கையின் அனுமதி வாங்கிக் கிளம்ப வேண்டும். விமானம் விடி, உரிமம் இந்தியாவினுடையது. 33ஆம் பிரிவின்படி இலங்கை அதை ஏற்றே ஆக வேண்டும். அங்கே தேர்வு கிடையாது, கன்வெர்ஷன் கிடையாது. இறங்கிய பிறகு, அங்குள்ள நண்பரின் 4ஆர் விமானத்தில் காலி நகரம் வரை ஒரு சுற்றுப் போய் வரலாம் என்று தோன்றினால், நண்பரைத்தான் ஓட்டச் சொல்ல வேண்டும். இவர் ஓட்ட வேண்டுமென்றால் இலங்கைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை டெல்லிக்குக் கடிதம் எழுதிப் பதில் வந்திருக்க வேண்டும்.